நிறைந்தே திரும்பிய பாத்திரம்

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். எங்கள் ஹெல்விக்கில் அந்தத் தொல்லையே கிடையாது. இந்த ஊர் வாயைத் திறந்தால்தானே மூடுவதற்கு? டாக்னி ப்ரெக்கே தன்னைப் பெற்ற தகப்பனைக் கொன்றவள் என்று இங்கே எல்லோரும் வருடக்கணக்கில் நம்பினார்கள். ஒருவர்கூட அதைச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அவள் இல்லை என்றாவது சொல்லியிருப்பாள்.

நான் ஆர்டிஸ், அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. கல்யாணமாகி மின்னசோட்டாப் பனிக்காட்டில் இருக்கும் இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அவள் சமையலறை ஜன்னல்தான். அவள் என்ன சமைத்தாள், எப்போது அழுதாள் என்றெல்லாம் எனக்குத் தெரியும். அவள் அதிகம் அழுததில்லை என்பதும் தெரியும்.

ஆறடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். ஆண்பிள்ளைக் கை. தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடும் வேலை. சர்க்கரை ஆலைக்கான பீட்கிழங்கு அறுவடை வந்துவிட்டால் அவளே லாரியும் ஓட்டுவாள். சர்ச் பாட்டுக் குழுவில் அவள் குரல் அடியில் கிடந்து மற்றவர்கள் குரலைத் தாங்கும். தனியாக யாரும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். சிரித்தால் தும்முவது போலிருக்கும். ஒருமுறை கல்யாணப் பேச்சு வந்தது. அந்தச் சமயம் பார்த்து அவள் அப்பா ஹால்வருக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. மாப்பிள்ளைப் பையன் கொஞ்ச நாள் காத்திருந்தான். அப்புறம் காத்திருக்கவில்லை.

ஹால்வர் நல்லவரா என்று கேட்காதீர்கள். செத்தவரைப் பற்றி என்னத்தைச் சொல்ல? கரண்டியைத் தூக்கி எறிவார். வாயில் வைத்த மசித்த உருளைக்கிழங்கை மகள் முகத்திலேயே துப்புவார். டாக்னி துடைத்துக்கொண்டு அடுத்த கரண்டியை எடுப்பாள். தங்கை லினெட் பள்ளி முடித்த கையோடு நியூயார்க்குக்குப் போய்விட்டாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், அப்பா துப்புவதைப் பார்ப்பாள், வெளியே போய்ப் பனியில் நின்று சிகரெட் பிடிப்பாள். நான் அவளைக் குறை சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குறை சொல்கிறேன்.

கடைசியில் ஒரு மார்ச் மாதக் காலையில் ஹால்வருக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு நின்றது. நான் அந்தப் படுக்கையின் பக்கத்தில் இருந்தேன். டாக்டரும் இருந்தார். அதில் ஒரு மர்மமும் இல்லை.

பிறகு லினெட் அந்தக் கதையை எழுதினாள்.

நியூயார்க்கில் ஒரு பெரிய பத்திரிகையில் வந்தது. அடுத்த வருடம் பரிசு. அந்த ஆண்டின் நல்ல கதைகள் என்று யாரோ தொகுத்த புத்தகத்திலும் முதல் கதை அதுதான். அதன் பெயரைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கதையில் ஒரு பெரிய மகள், படுத்த படுக்கையாய்க் கிடக்கும் தகப்பனுக்குச் சோறூட்டுகிறாள். தூக்க மாத்திரையைப் பொடி செய்து உருளைக்கிழங்கில் கலந்து, நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டி, அவன் நெற்றியைத் தடவிக்கொடுத்தபடியே ஊட்டுகிறாள். ஒருநாள் அவன் எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான். கொலையா கருணையா என்று கதை சொல்லாமல் விட்டதுதான் அதன் மேன்மை என்று பெரிய பெரிய ஆட்கள் எழுதினார்கள். அவர்களுக்கென்ன, எழுதிவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போயிருப்பார்கள்.

டாக்னி அதை என் வீட்டு மேசையில் உட்கார்ந்துதான் படித்தாள். விரலை வரிக்குக் கீழே வைத்துக்கொண்டு நிதானமாகப் படித்தாள்.

"நல்லா எழுதியிருக்காடி," என்றாள். "அப்பா துப்பறது அப்படியே இருக்கு. நம்ம மஞ்சள் சுவரு, மூலை ஒடஞ்ச கண்ணாடிப் பாத்திரம், எல்லாம் இருக்கு."

"மாத்திரை?"

"அது கதைக்கு. கதைன்னா ஏதாவது நடக்கணும்ல?" என்று தும்மினாள், அதாவது சிரித்தாள். "நம்ம வீட்டுல என்ன நடந்துச்சு, சொல்லு. நான் ஊட்டினேன், அவர் துப்பினாரு. இத எழுதினா எவன் பரிசு குடுப்பான்?"

தங்கையை நினைத்து அவளுக்கு அத்தனை பெருமை. கிடங்கில் லாரிக்காரர்களிடம்கூடச் சொன்னாள்.

நூலகத்தில் இருந்த ஒரே பிரதி கை மாறிக்கொண்டே இருந்தது. இதுவரை பீட்கிழங்கு விலையைத் தவிர எதையும் படித்திராத ஆண்கள்கூடப் படித்தார்கள். மஞ்சள் சுவர் நிஜம். எல்லோரும் பார்த்த சுவர். ஒடிந்த மூலை நிஜம். எல்லோரும் அந்தப் பாத்திரத்தில் சாப்பிட்டவர்கள். கிழவரின் வசவு எழுத்துப் பிசகாமல் நிஜம். இத்தனையும் நிஜமென்றால் அந்த மாத்திரை மட்டும் எப்படிப் பொய்யாகும்? அப்படித்தான் கணக்குப் போட்டிருப்பார்கள். யாரும் சொல்லாததால் நானும் ஊகிக்க வேண்டியதாயிருக்கிறது.

அந்தப் பாத்திரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அம்மாவுடையது. டாக்னி அதில் அரைத்த மாட்டிறைச்சியும் வெங்காயமும் டின் காளான் சூப்பும் போட்டு, மேலே உருளைக்கிழங்கு உருண்டைகளை அடுக்கி, அடுப்பில் மொறுமொறுவென்று சுட்டெடுப்பாள். ஹாட்டிஷ் என்போம். சர்ச்சில் சாவுச் சாப்பாடு என்றால் ஆளுக்கொன்று கொண்டுபோவோம். பாத்திரத்தின் அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருக்கும். பந்தி முடிந்ததும் அடியைத் திருப்பிப் பார்த்து அவரவர் பாத்திரத்தை அவரவரிடம் கொடுப்போம். எங்கள் ஊர்ப் பெண்பிள்ளைகளுக்குப் பெருமை என்று ஒன்று இருந்தால் அது காலிப் பாத்திரத்தோடு வீடு திரும்புவதுதான். டாக்னியின் பாத்திரம் எப்போதும் சுரண்டப்பட்டுத்தான் திரும்பும்.

கதை வந்த பிறகு மோயன் கிழவருக்குச் சாவுச் சாப்பாடு நடந்தது. எல்லோரும் டாக்னியின் பாத்திரத்திலிருந்து மரியாதைக்கு ஒரு துளி எடுத்தார்கள். எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்கள். சாப்பிட்டு முடிந்தபோது அந்தத் துளி அங்கேயே இருந்தது. பாத்திரம் நிறைந்தே திரும்பியது.

"உப்பு ஜாஸ்தியாடி?" என்று என்னிடம் கேட்டாள்.

அடுத்த முறை உப்பைக் குறைத்தாள். அதற்கடுத்து பாலாடைக்கட்டி போட்டாள், சோளம் போட்டாள், காளான் சூப்பை மாற்றினாள். ஒவ்வொரு முறையும் அடுப்பின் முன் குந்தி உட்கார்ந்து மேலே சிவக்கிறதா என்று பார்ப்பாள். ஒவ்வொரு முறையும் நிறைந்த பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வருவாள். எனக்கு விஷயம் முதல் தடவையே புரிந்துவிட்டது. அவளுக்கு எப்போது புரிந்தது என்று தெரியாது. ஒருநாள் உப்பைப் பற்றிக் கேட்பதை நிறுத்திவிட்டாள்.

எனக்குப் பொறுக்கவில்லை. சர்ச் சமையலறையின் தலைவி மேவிஸ். எங்கள் ஊரின் மரியாதையெல்லாம் திரண்டு ஓர் உடம்பானால் அதுதான் மேவிஸ். அவளிடம் போனேன்.

"இந்தா பாரு மேவிஸ், அது வெறும் கதை. ஹால்வர் சாகும்போது நான் பக்கத்துலயே இருந்தேன்."

"ஆமாமா, கதைதான்," என்றாள், காப்பிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டே. "யாரு என்ன சொன்னா?"

"யாரும் எதுவும் சொல்லல. அவ செஞ்சத யாரும் திங்கல."

"ஐயோ, அன்னைக்கு சாண்ட்விச்சே நெறைய இருந்துச்சு ஆர்டிஸ். எல்லாருக்கும் வயிறு ரொம்பிடுச்சு." என் கையைத் தட்டிக்கொடுத்தாள். "நீ நல்ல பக்கத்து வீட்டுக்காரி."

காற்றோடு மல்லுக்கட்டுவது இதைவிட எளிது.

இங்கே இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காப்பி வேண்டுமா என்று எங்கள் ஊரில் கேட்டால் முதல் தடவை வேண்டாம் என்பதுதான் நாகரிகம். இரண்டாம் தடவை, உங்களுக்கு எதற்குச் சிரமம் என்போம். மூன்றாம் தடவை சொல்வதுதான் பதில். அதற்கு முன் சொன்னதையெல்லாம் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. என் புருஷன் ஓர்வில் கல்யாணத்துக்குக் கேட்டபோது நான் இரண்டு தடவை மாட்டேன் என்றேன். மூன்றாவது தடவை கேட்பதற்குள் பனிப்புயல் வந்து பத்து நாள் ரோடு அடைபட்டுவிட்டது. அந்தப் பத்து நாளில் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

பரிசு வாங்கியவளைக் கூப்பிட்டு மரியாதை செய்யாவிட்டால் நன்றாயிருக்காதே. நூலகத்தார் லினெட்டை அழைத்தார்கள். சர்ச்சின் நிலவறைக் கூடத்தில் அவள் கதை வாசிப்பாள், பிறகு கேள்வி, பிறகு சாப்பாடு. டாக்னி முகத்தில் பழைய வெளிச்சம் வந்தது.

"அவ வாயால ஒரு தடவ இல்லன்னு சொல்லிட்டா போதும்டி. எழுதினவளே சொன்னா யாரு மறுக்க முடியும்?"

"நீ சொல்லச் சொல்லு."

"நேத்து போன்ல சொன்னேன். யாராவது கேட்டா அது நெசமில்லன்னு சொல்லிடுன்னேன். சரின்னா."

"ஏன்னு சொன்னியா?"

"அதெப்படிச் சொல்றது? சந்தோஷமா வர்றவகிட்ட."

கூடம் நிறைந்திருந்தது. லினெட் கறுப்புச் சட்டையில் மெலிந்து போயிருந்தாள். வாசித்தாள். அழகாகத்தான் வாசித்தாள், பாவி. கதையில் அந்த மகள் நெற்றியைத் தடவும் இடத்தில் எனக்கே கண் கலங்கியது. முன் வரிசையில் டாக்னி சர்ச்சுக்குப் போகும் நீலச் சட்டையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். எல்லோர் கண்ணும் அவள் பிடரியில்.

கேள்வி நேரத்தில் எங்களில் யார் வாய் திறப்போம்? பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த வாத்தியார், எங்கேயோ கலிபோர்னியாக்காரர், கையைத் தூக்கினார்.

"இதுல எவ்வளவு நெசம்? உங்க அக்கா அந்த மாதிரி… மாத்திரை…"

எல்லோர் கண்ணும் டாக்னியின் பிடரியிலிருந்து லினெட்டுக்குப் போனது.

"ஐயோ, இல்லங்க," என்று லினெட் சிரித்தாள். "அது நான் கட்டினது. ஆனா பாருங்க, கட்டினதுலதான் உள்ளுக்குள்ள இருக்கற நெசம் வெளிய வரும்." பிறகு கலை, நினைவு என்று எங்கேயோ போய்விட்டாள்.

வாத்தியாருக்கு ஒரே ஒரு 'இல்லை' போதுமானதாக இருந்தது, உட்கார்ந்துவிட்டார். எங்கள் ஆட்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள். அந்தத் தலையசைப்பு எனக்குத் தெரியும். காப்பி வேண்டாம் என்ற முதல் வார்த்தைக்கு அசைக்கிற தலை அது. அக்காவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேறென்ன சொல்வாள் என்று அர்த்தம். இன்னும் இரண்டு முறை கேட்டிருக்க வேண்டும். அதுவும் இப்படிப்பட்ட விஷயத்தை எங்கள் ஊரில் எவன் இன்னொரு முறை கேட்பான்?

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். டாக்னி என் முழங்காலை அழுத்தினாள்.

"வேணாம். பாத்திரம் இருக்கு," என்றாள்.

அப்போதுதான் அவள் மனதிலிருந்தது எனக்குப் புரிந்தது. சாப்பாட்டு மேசையின் நடுவில் அந்த மூலை ஒடிந்த பாத்திரத்தை வைத்திருந்தாள். மேலே பொன்னாய்ச் சிவந்து ஆவி பறந்தது. கதை எழுதியவளே அத்தனை பேர் முன்னால் அக்கா கையால் வாங்கி ஒரு வாய் தின்றுவிட்டால் வாய்ப்பேச்சே வேண்டாம். எல்லாம் தீர்ந்துவிடும். நல்ல யோசனை. இன்றும் சொல்வேன், அதைவிட நல்ல யோசனை இருந்திருக்க முடியாது.

தட்டில் பெரிய துண்டாக எடுத்து வைத்துக்கொண்டு லினெட்டிடம் போனாள். வரிசையில் நின்றவர்கள் நின்றபடி நின்றார்கள்.

"சாப்புடு லினெட். அம்மா செய்யற மாதிரியே செஞ்சிருக்கேன்."

"வேணாம் டாக்னி."

முதல் வேண்டாம். டாக்னி புன்னகை செய்தாள். எல்லாம் ஒழுங்காக நடக்கிறது.

"கொஞ்சமா. ஒரு வாய்."

"இல்ல, நெசமாவே வேணாம்."

"எனக்காக," என்றாள் டாக்னி. அந்தக் குரலை இந்த ஊரில் அதற்கு முன் யாரும் கேட்டதில்லை. தட்டைத் தங்கையின் கைக்கருகே நீட்டினாள். "ஒரே ஒரு கரண்டி, லினெட்."

"டாக்னி, நான்தான் இப்பல்லாம் கறி சாப்புடறதில்லையே!" லினெட் அக்காவின் கன்னத்தில் முத்தமிட்டாள். "எவ்ளோ மணக்குது தெரியுமா? நீங்கல்லாம் சாப்புடுங்க." என்று சொல்லிவிட்டுக் கேரட்டுத் துண்டு ஒன்றை எடுத்துக் கடித்தபடி பாஸ்டரிடம் பேசப் போனாள்.

கறி சாப்பிடுவதில்லையாம். மாட்டிறைச்சி தின்று வளர்ந்தவள்! ஹெல்விக்கில் அப்படி ஒரு ஜென்மத்தை யாரும் பார்த்ததில்லை. அதை அவர்கள் ஒரு காரணமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அவர்கள் எடுத்துக்கொண்டது இதுதான்: கொன்றாளா என்ற கேள்விக்கு ஒரு தடவை இல்லை என்றவள், அக்கா கையால் ஒரு கரண்டி தின்பதற்கு மூன்று தடவை மாட்டேன் என்றுவிட்டாள். மேவிஸ் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். வரிசை மெல்ல நகர்ந்தது. டாக்னி அந்தத் துண்டைத் திரும்பப் பாத்திரத்திலேயே வைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நான் கொதித்தேன். "அவகிட்ட போய்ச் சொல்லிடறேன், எல்லாத்தையும்."

"வேணாம்."

"டாக்னி, சொல்றேன்டி."

"அவ எவ்ளோ சந்தோஷமா இருந்தா, பாத்தியா? வேணாம்."

அவள் வீட்டு வாசலில் மறுபடி கேட்டேன். நிறைந்த பாத்திரத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு என்னைப் பார்த்தாள். "வேணாம் ஆர்டிஸ்," என்றாள். மூன்றாவது தடவை. அதற்குமேல் எங்கள் ஊரில் வழியில்லை.

அதன் பிறகு அவள் சர்ச்சுக்குச் சமைத்துக் கொண்டுபோகவில்லை. கடையில் வாங்கிய ரொட்டியைப் பொட்டலம் பிரிக்காமல் கொண்டுவந்து வைப்பாள். அது உடனே தீர்ந்துவிடும். பாத்திரம் கழுவும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அதற்கு யாரும் மறுக்கவில்லை. மற்றவர்களின் காலிப் பாத்திரங்களைத் தேய்த்து, துடைத்து, அடியிலிருக்கும் பெயரைப் படித்து அவரவரிடம் கொடுப்பாள். வருடக்கணக்கில் அதைச் செய்தாள். அந்தக் கதையும் பள்ளிப் பாடப் புத்தகத்தில் ஏறிவிட்டது. மகள் செய்தது சரியா, விவாதிக்கவும் என்று பரீட்சையில் கேள்வி வரும். விவாதித்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்த்து வணக்கம் சொல்லும். மரியாதையான பிள்ளைகள்.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு வந்துவிட்டது. அவள் வீட்டில் நமக்குக் காப்பி ஊற்றினால் முதலில் அதே குடுவையிலிருந்து தனக்கு ஊற்றி ஒரு வாய் குடிப்பாள். கேக் வெட்டினால் முதல் துண்டைத் தான் தின்பாள். தின்றுவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருப்பாள். பிறகுதான் நம் பக்கம் தட்டைத் தள்ளுவாள்.

"எங்கிட்ட எதுக்குடி இந்தக் கூத்து?" என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

"எது?" என்றாள். அவளுக்கே தெரியவில்லை. நான் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

போன அக்டோபரில், பீட்கிழங்கு லாரிகள் ஓடிக்கொண்டிருந்தபோது, கிடங்கின் எடை மேடைப் பக்கத்தில் சுருண்டு விழுந்தாள். இதயம். வலியில்லாமல் போனாள் என்றார்கள். கடைசி நிமிடத்தைத்தான் சொல்லியிருப்பார்கள்.

சாவுச் சாப்பாட்டுக்கு நான் அவள் பாத்திரத்தை எடுத்து வந்து, அவள் செய்கிறபடியே செய்து, மேசை நடுவில் வைத்தேன். யாராவது ஒருவராவது வெட்கப்படட்டும் என்றுதான் வைத்தேன். மறைப்பானேன்? லினெட் வந்திருந்தாள், தலை நரைத்து, அழுது வீங்கிய முகத்தோடு. எங்கோ சுவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். அரை மணி கழித்து மேசையைப் பார்த்த எனக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. பாத்திரம் காலி. யாரோ மூலையைக்கூடச் சுரண்டியிருந்தார்கள்.

சமையலறையில் நான் கழுவ, லினெட் துடைத்துக்கொண்டிருந்தாள். மேவிஸ் அந்தப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சு ஆர்டிஸ். பாத்திரத்தப் பாத்து மொதல்ல எல்லாரும் கொஞ்சம் தயங்கினோம். அப்புறம் நீ செஞ்சதுன்னு தெரிஞ்சதும் சரின்னு எடுத்துக்கிட்டோம்."

லினெட்டின் கை நின்றது. "எதுக்குத் தயங்கினீங்க?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல கண்ணு."

"இல்ல, எதுக்கு?"

"இன்னைக்குப் போய் அந்தப் பேச்செல்லாம் எதுக்கு?"

"மேவிஸ், எதுக்குத் தயங்கினீங்க?"

மூன்று தடவை கேட்டாகிவிட்டது. மேவிஸ் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். இத்தனை வருடத்தில் முதல் முறையாக இந்த ஊர் வாயைத் திறந்தது.

"நீதானே எழுதியிருக்கே. அப்பாவுக்கு அவ சாப்பாட்டுல கலந்து குடுத்தத."

லினெட் என்னைப் பார்த்தாள். பாத்திரத்தைப் பார்த்தாள். அன்று கூடத்தில் தட்டை நீட்டிக் கெஞ்சியவளை அவள் இப்போதுதான் பார்க்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. துடைத்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"அது நான் கட்டினது. அன்னைக்கே சொன்னேனே! எல்லார் முன்னாலயும் இல்லன்னு சொன்னேனே!"

"சொன்னே," என்றாள் மேவிஸ். "ஒரு தடவதானே சொன்னே."

"இல்ல மேவிஸ். அவ செய்யல. அவ செய்யவே இல்ல."

மேவிஸ் வாயைத் திறந்தாள், மூடினாள். அந்தச் சிவந்த முகம் மெல்ல வெளுத்துக்கொண்டே போனது. என்ன செய்வதென்று தெரியாமல், பழக்கதோஷத்தில், கையிலிருந்த பாத்திரத்தைத் திருப்பி அடியிலிருந்த பெயரைப் படித்தாள்.

"இத யாருகிட்டக் குடுக்கறது?" என்று கேட்டாள்.

ஒரு தடவைதான் கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை.